பன்னிரண்டு மணிக்குள் பார்க்க வேண்டிய இடங்கள்

— முதலைப் படகும் வேணாம், நீராவிக் கப்பலும் வேணாம்னா அப்புறம் எதுக்கு மேடம் நியூ ஆர்லியன்ஸ் வந்தீங்க? மிசிசிப்பிய எட்டிக்கூடப் பாக்காம போனா ஆறே கோவிச்சுக்கும்.

— நான் ஆறு பாக்க வரல. ட்ரெமே பேட்டைக்குப் போங்க. சர்ச்சுக்குப் பின்னாடித் தெரு.

— இது கோவேறு கழுத வண்டி மேடம், டாக்சி இல்ல. நகராட்சி கோடு போட்டுக் குடுத்த பாதையிலதான் எங்க பிஸ்கட்டு நடப்பா. முதல்ல சதுக்கம், அப்புறம் ஆத்தங்கரை, அப்புறம் சீனித்தூள் கொட்டின அப்பம், காபி...

— பெரியவரே, திரும்பாதீங்க. முதுகுல குத்துதே, அது என்னன்னு தெரியுதா?

— தெரியுது. எங்கப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு.

— அப்ப ட்ரெமே.

— போவோம், போவோம். யார் வீட்டுக்குன்னு சொன்னா நல்லது.

— பெர்சி துப்ளே வீட்டுக்கு. அவன் வாசல்ல வந்து நிக்கணும். நான் யாருன்னு அவனுக்குத் தெரியணும். வயித்துல ரெண்டு, வாயில ஒண்ணு. இந்த ஊர்ல எனக்கு அவ்வளவுதான் வேலை.

— பெர்சி இப்ப வீட்டுல இருக்க மாட்டான் மேடம். பன்னெண்டு மணி தாண்டணும். இப்பப் பத்தே முக்கால்தான் ஆவுது. பூட்டின வீட்டு வாசல்ல துப்பாக்கிய வச்சிக்கிட்டு நின்னா தெருவே கூடிடும். வந்த காரியம் கெட்டுடும். அதுவரைக்கும் நாலு இடம் காட்டுறேன்.

— ஏமாத்தினே, மூளை அந்தக் கழுத மேல தெறிக்கும்.

— பிஸ்கட்ட நேத்துதான் குளிப்பாட்டினேன், அந்தப் பாவத்த பண்ணிடாதீங்க. ஹோ, நடடி. அந்தா கரையில நிக்கிதே வெள்ளைக் கப்பல், அதுல மணிக்கொரு தரம் நீராவிக் குழல்லயே பாட்டு வாசிப்பாங்க. பதினொண்ணுக்குக் கேட்டுட்டுப் போகலாம்.

— எனக்குப் பாட்டு வேணாம்.

— சரி, அப்பமாவது தின்னுங்க. வாங்கியாச்சுல்ல. கறுப்பு உடுப்பு போட்டிருக்கீங்க, மூச்சு விடாம கடிங்க. இல்லாட்டி சீனி பறந்து மாவு மில்லுல வேல பாத்தவங்க மாதிரி ஆயிடுவீங்க.

— எனக்கே சொல்லித் தர்றியா? பால் மறந்ததும் இதத் தின்னு வளந்தவ நான்.

— தெரியும், வெர்னீஸ்.

— என்ன சொன்னே?

— வண்டியில ஏறினப்பவே தெரிஞ்சுது. உன் அக்கா கொரினுக்கும் உனக்கும் ஒரே நெத்தி. என்னத்தான் உனக்கு அடையாளம் தெரியல. அப்ப தாடி இல்ல, பல்லு நெறைய இருந்துச்சு.

— ஆல்சீட் அண்ணனா? எங்க வீட்டுக்கு எதிர்த்த லாயம்?

— அவனேதான்.

— அப்ப வா. இந்தப் பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம்.

— ஐயோ... துப்பாக்கியாலயே அடிச்சிட்டியே, காது போச்சு, வெர்னீஸ். ரத்தம் கொட்டுது பாரு.

— இன்னும் கொட்டட்டும். என் அக்காவுக்கு இத விட ஜாஸ்தி கொட்டுச்சு. கட்டின புருஷன், அந்தப் பெர்சி, இஸ்திரிப் பெட்டியால அடிச்சான். ஒரு தரம் இல்ல, அவ தாடை கழண்டு தொங்குற வரைக்கும் அடிச்சான். அப்புறம் தலைமயிரப் பிடிச்சு இழுத்துட்டு வந்து மாடிப்படியில உருட்டி விட்டான். கால் தடுக்கி விழுந்துட்டாள்னு கோர்ட்டுல சொன்னான். உன் லாயத்துலேர்ந்து எங்க படிக்கட்டு நல்லா தெரியும். தெரியுமா தெரியாதா?

— தெரியும்.

— பாத்தியா?

— பாத்தேன். கையில தீவனக் கூடைய வச்சிக்கிட்டு நின்னு பாத்தேன்.

— கோர்ட்டுல என்ன சொன்னே?

— ஒண்ணும் பாக்கலன்னு சொன்னேன். முந்தின ராத்திரி வந்து, லாயத்தக் கொளுத்திடுவேன், கழுதைங்க உள்ள இருக்கும்போதேன்னு சொல்லிட்டுப் போனான். நான் கோழை, வெர்னீஸ். பத்தொன்பது வருஷமா தினம் காலையில மூஞ்சி கழுவும்போது எனக்கு நானே சொல்லிக்கிறேன். நீ புதுசா எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

— உன்ன அப்புறம் பாத்துக்கறேன். முதல்ல அவன். போன மாசம் கொரின் பொண்ணு கல்யாணப் படம் அனுப்பியிருந்தா. பெத்தவள அடிச்சுக் கொன்ன கை, அது மேல அவ கைய வச்சு சர்ச்சுக்குள்ள நடக்குறா. பக்கத்துல எங்கம்மா, பூத் தொப்பி போட்டுக்கிட்டு. அன்னிக்கே பஸ் டிக்கெட் எடுத்தேன்.

— அந்தப் பொண்ணு அட்லாண்டா போயிட்டா. புருஷனுக்கு அங்கதான் வேலை. வண்டி ஏத்திவிட்டு வந்து உங்கம்மா எங்க லாயத்துல வைக்கோல் மேல உக்காந்து ஒரு பொழுது பூரா அழுதாங்க. இத்தன வருஷத்துல அவங்க அழுது நான் பாத்ததில்ல.

— அழட்டும். கொன்னவனுக்கே பத்தொன்பது வருஷம் சோறாக்கிப் போட்டு, துணி தொவச்சுப் போட்டவ. அவளுக்கு நான் ஒரு கடுதாசி போட்டதில்ல.

— பிள்ளைய விட்டுட்டு எங்க போவாங்க? சட்டப்படி பிள்ளை அவனோடது. கதவத் தாண்டினா மறுபடி பிள்ளை முகத்தையே காட்ட மாட்டேன்னான்.

— நீ அவளுக்கு வக்கீலா? என்ன சத்தம் அது?

— எது?

— பேண்டு. மெதுவா அடிக்கிறாங்க. சாவு ஊர்வலம்.

— இந்த ஊர்ல தினம் ஒரு சாவு. வா, அந்தப் பக்கம் ஒரு நல்ல இறால் கடை...

— நிறுத்து வண்டிய. அந்தக் கொடி பெர்சியோட சங்கத்துக் கொடி. ஊதா, மஞ்சள். யாரு செத்தது? மறு காதும் வேணுமா உனக்கு?

— பெர்சிதான்.

— பொய்.

— சனிக்கிழம செத்தான். டாக்டர் மாரடைப்புன்னு எழுதிட்டாரு. குடிகாரன், யாரும் ஆச்சரியப்படல.

— இன்னிக்குத் திங்கள். நம்ம ஊர்ல ஒரு வாரம் போட்டுவச்சு, சொந்தமெல்லாம் வந்த பிறகுதானே எடுப்பாங்க?

— அவன் தம்பிங்க அதத்தான் சொன்னாங்க. அவங்க கல்லறை ஆத்துக்கு அக்கரையில இருக்கு, அங்கேயே வச்சுக்கறோம்னாங்க. உங்கம்மா விடல. எங்க குடும்பக் கல்லறையிலயே வைங்க, திங்கக்கிழமையே வைங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க.

— எங்க கல்லறையிலயா? கொரின் இருக்குற அதே இடத்துலயா?

— கோவப்படாம கேளு.

— அவ எலும்ப ஓரமாத் தள்ளிட்டு, அவனப் பெட்டியோட அவ மேல வைக்கப் போறாங்க. அதானே? செத்தும் அவ மேலயா விழணும் அவன்? இதுக்கா என்ன அப்பம் தின்ன வச்சு, ஆறு காட்டி இழுத்தடிச்சே?

— கல்லு வச்சுப் பூசுற வரைக்கும் இழுக்கணும்னு நெனச்சேன். பூசிட்டா ஒரு வருஷமும் ஒரு நாளும் யாரும் தொறக்க மாட்டாங்க, அது வழக்கம். உங்க கல்லறைன்னா உங்கம்மா கையெழுத்து இல்லாம அப்புறமும் தொறக்க முடியாது. இந்த வெயில்ல அதுக்குள்ள எலும்புதான் மிஞ்சும்.

— கழுதைய ஓட்டு. இடுகாட்டுக்குள்ள ஓட்டு. ஓட்டலேன்னா அத இங்கேயே சுட்டுட்டு நடந்து போவேன்.

— வெர்னீஸ், அவன் செத்துட்டான். செத்தவன ஒரு தரத்துக்கு மேல சாகடிக்க முடியாது.

— நான் சாகடிப்பேன். பெட்டிய இழுத்துத் தெருவுல போட்டு, அவன் சங்கத்துக்காரங்க முன்னாடியே அந்த மூஞ்சியில ஆறு குண்டையும் எறக்குவேன். கையெழுத்துப் போட்ட கிழவி குறுக்க வந்தா அவளுக்கும் ஒண்ணு.

— பெட்டியத் தொடாத, உன் கால்ல விழறேன். போலீஸ் வரும். பிணத்த எடுத்துட்டுப் போய் அறுத்துப் பாப்பாங்க.

— பாக்கட்டுமே. அந்த நாய் வயித்துக்குள்ள என்ன இருக்கப் போவுது?

— உங்கம்மா அவனுக்குக் கடைசியா ஆக்கிப் போட்ட சாப்பாடு இருக்கு, வெர்னீஸ். அதுல கலந்த எலி மருந்த என் லாயத்துலேர்ந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன்.