பல் டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

மேலே எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவையே. வயது ஐம்பத்திரண்டு. நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறேன். முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம் இருப்பதால் அங்கே எனக்குக் 'கம்பவுண்டர்' என்று பட்டப்பெயர். படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் தேறவில்லை.

அதே பட்டறையில் பாலீஷ் போடும் என் தங்கை கணவருக்குச் சென்ற திங்கட்கிழமை கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. தலைவலி, முதுகுவலி எதுவானாலும் நான் கொடுப்பது பெட்டியிலுள்ள ஆஸ்பிரின் ஒன்றுதான் என்பதால், அவருக்கும் அதையே வேளைக்கு இரண்டாக நான்கு நாள் கொடுத்தேன். வலி அடங்காததால், தினமும் வேலை முடிந்ததும் கடைக்கு அழைத்துப் போய் பிராந்தி வாங்கிக் கொடுத்தேன். துணைக்கு நானும் குடித்தேன். எனக்குப் பல்வலி இல்லை. "மச்சான், நீங்க டாக்டருக்கே படிச்சிருக்கலாம்" என்றார். நானும் நம்பினேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை நானும் தங்கையும் அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். சின்ன வயதுப் பெண். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? குடிப்பழக்கம் உண்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் குடியை விட்டுவிட்டார் என்று தங்கையிடம் ஜாமீன் சொன்னவனே நான். அவளும் பக்கத்தில் இருந்தாள். "சேச்சே, டீயையே ஆத்தி ஆத்தித்தான் குடிப்பாரு டாக்டர்" என்றேன். ஆஸ்பிரினை நான் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதன் பிறகு டாக்டர் பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வைத்து அனுப்பினார். வீட்டில் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு தீர்ந்து, தங்கை தலையணை உறையைக் கிழித்தாள். வலிக்கிறது என்றவருக்கு நான் இன்னும் இரண்டு மாத்திரை கொடுத்தேன். விழுங்கிய ரத்தத்தை மத்தியானம் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கேட்டபோது, அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "ரத்தத்துல இருக்கிற குட்டி அணுவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் காயத்தை அடைக்கணும். ஆஸ்பிரின் ஒரு வாரத்துக்கு அதை ஒட்ட விடாது. மேல பிராந்திய வேற ஊத்தியிருக்கீங்க, அதுவும் அதே வேலையத்தான் பண்ணும்" என்றார். ஈர மரத்தில் பசை பிடிக்காது என்று முப்பது வருடமாக ஊருக்கு உபதேசிப்பவன் நான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமை, பல் டாக்டர் நரம்பை அறுத்துவிட்டதாகத் தங்கை போலீஸில் புகார் கொடுத்தாள். தெருக்காரர்கள் போய் அந்தப் பெண்ணின் பெயர்ப்பலகையை உடைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றியும் மாப்பிள்ளை இன்னும் எழுந்து உட்காரவில்லை. டாக்டர் மேல் குற்றமில்லை.

ஏட்டு இதை வாசித்துக் காட்ட எடுத்தபோது, தங்கை வெளியே பெஞ்சில் இருப்பதால் மெதுவாக வாசிக்கச் சொன்னேன். பல் டாக்டரும் அங்கேயேதான் நிற்கிறார் என்பதால், பிறகு உரக்கவே வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். நான் சொன்னதில் ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. தங்கை எழுந்து உள்ளே வருவதற்குள் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)