தொண்டைக்குள் போன மீன்

வடசேரியில் பஸ் ஏறி, குழந்தையை மடியில் படுக்க வைத்தேன். பின்சீட்டில் இரண்டு நர்சுகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மூச்சை நிறுத்த ஒரு ஊசியாம், அதுக்குப் பொறவு மூச்சு விட ஒரு குழாயாம். கேட்டியாட்டி இந்தக் கூத்தை?” என்றார் மூத்தவர்.

“யாருக்கு, அக்கா?”

“குளத்துல மீன் பிடிச்சவனுக்கு. அடுத்த மீனைத் தேடி ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருந்ததால, பிடிச்ச மீனைப் பல்லுல கடிச்சிருக்கான். அது துள்ளித் தொண்டைக்குள்ள போச்சு. மீனை எடுத்தாச்சு, வீக்கம் வத்தல்ல. இன்னும் கூடினா குழாய் போடணும். பெரிய டாக்டரு தொண்டையை மட்டும் மரக்க வச்சு, முழிச்சிருக்கும்போதே போடணும்னு சொல்லுகாரு. மதராசுல படிச்சிட்டு வந்த சின்னவரு, ஊசியில மயக்கி, மூச்சு நிக்குற அளவுக்கு உடம்பைத் தளர வச்சுதான் போடணுமாம்.”

“முழிச்சிருந்தா டாக்டருக்க விரலைக் கடிச்சிருவான்லா?”

“மயக்கின பொறவு குழாய் உள்ள போகல்லன்னா? மூச்சும் இல்ல, குழாயும் இல்ல! அவுங்க சண்டை தீரட்டும்னு நான் நேத்தே ரெண்டு விதத்துக்கும் தனித்தனித் தட்டுல சாமான் எடுத்து வச்சிட்டுத்தான் வந்தேன்.”

என் முன்சீட்டுப் பெண்ணின் மடியில் ஒரு கஞ்சித் தூக்குவாளி இருந்தது. அதை இறுக்கி அணைத்தபடி அவள் பின்சீட்டுப் பேச்சுக்குக் காது கொடுத்திருந்தாள். நர்சுகளுக்குச் சைகை காட்டலாமா என்று யோசித்தேன். அவள் வேறு யாராகவோ இருந்தால் தப்பாகிவிடுமே என்று குழந்தையைத் தட்டிக்கொடுத்தேன்.

அவளே திரும்பினாள். “நான் அவருக்க பொஞ்சாதியாக்கும். இன்னைக்கு எந்த டாக்டரு, சிஸ்டரே?”

இளையவர் மூத்தவரின் கையைப் பிடித்து அழுத்தினார்.

“தெரியாது மக்கா,” என்றார் மூத்தவர். “ரெண்டு பேரும் ஒத்துச் சொன்னது ஒண்ணுதான். அவனுக்க வயித்துல ஒண்ணும் இருக்கப்பிடாது. அந்தக் கஞ்சியை நீ குடி.”