தபால் யானைக்குப் பதில் சொல்லாத நாள்

இந்த நாற்காலி எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது மேடம், வேறு தேட வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தது என்பதால் முட்டி காதுக்குப் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் குந்தியே பாதி ஆயுள் போயிருக்கிறது.

என் மகள் ஏன் இரண்டு வாரமாக வகுப்பில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டீர்கள். காது சரியாகத்தான் கேட்கிறது. காரணம் நான்தான்.

'தபால் யானை' என்று ஒரு நிகழ்ச்சி தினமும் மாலை ஐந்தரைக்கு வருகிறது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு முப்பது பிள்ளைகளை மேய்க்கும் வேலை. யானை இருக்கும் ஊரின் மக்கள்தொகை ஆறு. ஆறு வீடும் ஒரே வரிசை. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் முடிகிற சமாச்சாரத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். டாக்டர் ஒரு கோழி. நோயாளிகள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை. ஒரு நாள் மீன் குளத்தில் விழுந்துவிட்டது. ஊரே கயிற்றோடு ஓடிவந்து காப்பாற்றியது. அன்று நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் யானை தினமும் தன் பையைத் தொலைக்கும். திரையிலிருந்து நேராகப் பார்த்து, "நண்பா, என் பை எங்கே?" என்று கேட்கும். பை அதன் முதுகில் தொங்கும். மூன்று விநாடி இமை கொட்டிக்கொண்டு நிற்கும். என் மகள் வீடு அதிர, "முதுகுல" என்பாள். "அட, முதுகிலா? நன்றி நண்பா" என்று யானை கிளம்பிவிடும்.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை, டியூட்டி. நூற்றிரண்டு ஜுரத்தில் போர்வையோடு எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். மச்சான் வீட்டுக்குப் போனபோது அங்கே டிவி ரிப்பேர்.

"அப்ப யானைக்கு யாருப்பா சொல்லுவா?"

"வேற பிள்ளைங்க சொல்லுவாங்க கண்ணு."

"அவங்களும் மாமா வீட்டுக்குப் போயிட்டா?"

பாதி டீயில் திரும்பினோம். மச்சான் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்க்கும் பழைய லிஃப்டுகள் சிலவற்றில், கதவை மூடும் பொத்தானுக்குப் பின்னால் கம்பியே கிடையாது. கதவு தன் நேரத்துக்கு மூடும். ஆனாலும் ஆட்கள் குத்து குத்தென்று குத்திவிட்டு, தாங்கள்தான் மூடியதாக நினைத்து இறங்கிப் போவார்கள். கம்பி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். அழுத்தாமல் விட்டுப் பார்க்க வேண்டும்.

அன்று மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் பேசாம இருந்து பாப்போமா?"

"யானை அழும்பா."

"அழுதா அப்பா பொறுப்பு."

வாய் தவறிப் பேசிவிடக் கூடாதே என்று ஒரு கிரீம் பிஸ்கட்டை முழுசாக அவள் வாய்க்குள் வைத்தேன். பலவந்தம் எதுவும் இல்லை. ஆரஞ்சு கிரீம், அவளுக்குப் பிடித்தது.

யானை கேட்டது. மூன்று விநாடி. மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்.

"அட, முதுகிலா? நன்றி நண்பா" என்றது யானை.

அவள் டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிஸ்கட்டை மென்று விழுங்கினாள்.

"நான் சொல்லவே இல்லையேப்பா."

"அதான் கண்ணு."

"நேத்தும் அதுக்குத் தெரியுமா?"

"நேத்தும்."

"ஜுரத்தப்பவும்?"

"ஜுரத்தப்பவும்."

அழவில்லை. எழுந்துபோய் டிவியை அணைத்தாள். சோதனை சுத்தமாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் அந்தச் சோதனையை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோய்விட்டாள்.

மச்சான் போனில், "நல்லாருக்கியா குட்டி?" என்றார். மூன்று விநாடி மௌனம். "நல்லாருக்கியா, சரி சரி" என்று வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரம்மா, "சாப்பிட்டியாம்மா?" என்றார். மௌனம். "சாப்பிட்டாச்சா, சமத்து" என்று போய்விட்டார். தப்பாக நினைக்காதீர்கள், நீங்களும் சிவப்பு அட்டையைத் தூக்கி, "இது என்ன கலர்?" என்றீர்களாம். அவள் பேசவில்லை. "சிவப்பு, வெரி குட்" என்று நீங்களே முடித்துவிட்டீர்களாம். "மிஸ்ஸுக்கும் தெரியுதுப்பா" என்று அவள் வந்து சொன்னாள்.

மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் சத்தம் போடவில்லை. காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"லிஃப்ட்ல வர்ற பெரியவங்க யார்கிட்டயாவது இதுவரைக்கும் அந்தப் பட்டனுக்குக் கம்பி இல்லைன்னு சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"ஏன்?"

"பாவம், அவங்க சந்தோஷமா இருக்காங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு யானைமேல போய் யாராவது பொறாமைப்படுவாங்களா?" என்றாள்.

அது சரியான குற்றச்சாட்டு இல்லை மேடம். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவது ஐந்தரைக்கு. ஒரு வருடமாக அந்த நேரத்தில் யாரும் வாசல் பக்கம் திரும்பியதில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்பா வந்துட்டேன்" என்பேன். "முதுகுல" என்று பதில் வரும். நேரம் எப்படி மோதியது என்று உங்களுக்குப் புரிவதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன். நான் செய்தது உண்மைக்காக. இப்போது ஐந்தரைக்கு டிவி ஓடுவதில்லை. நான் வருவதை அவள் பார்க்கிறாள். வந்துவிட்டேன் என்று நான் சொல்வதில்லை, அதுதான் அவளுக்குத் தெரிகிறதே.

இன்று காலை இங்கே வரும் வழியில் சிக்னலில் ஸ்கூட்டர் நின்றது. அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து, "அப்பாவ உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டேன். அவள் எதிரே சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

"அப்படியா, ரொம்பப் பிடிக்குமா? நன்றி கண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அதை அவளே சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.