தலைவருக்கு முதலில் கார்

பிள்ளைகளே, தப்பு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியில் விட்டால், ஊர் ஊராகப் போய் அவரைக் கண்காணிப்பவர் நன்னடத்தை அலுவலர். அப்படி ஓர் அம்மாவும், அந்த அலுவலர்கள் சங்கத்தின் புதிய தலைவரும் விருத்தாசலத்தில் நான் ஏறிய திட்டக்குடி பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தார்கள்.

"கவர்மெண்டுகிட்ட மொதல்ல சங்கத் தலைவருக்குக் காரு கேக்கணும்மா. அப்பதான் நமக்கு ஒரு மரியாத."

"எங்களுக்கு வண்டி, சார்?"

"அதுக்கு ஒரு கமிட்டி போடலாம்."

"போன வாரம் கருவேப்பிலங்குறிச்சியிலேர்ந்து திரும்ப பஸ்ஸு கெடைக்கலீங்க. நான் பாக்கப் போன ஆளே பைக்குல கொண்டாந்து வூட்டுல வுட்டான்."

"நல்லா திருந்திட்டானே. என்ன கேசு?"

"பைக் திருட்டுங்க."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அது யாரு வண்டி?"

"கேக்கலீங்க. கேட்டா நான் ரிப்போர்ட்டு எழுதணும், அவன் உள்ள போயிடுவான். அப்புறம் அந்த ஊருலேர்ந்து நான் நடந்துதான் வரணும்."