வேம்புலி ஓட்டிய ரோலர்

இரவு ஒரு மணி இருக்கும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஒரு உட்சாலை. ஒரு நாய்கூட இல்லை... என் நண்பன் மோகனின் தாய்மாமா ஜம்புலிங்கம் காரை ஓரங்கட்டி இறங்கினார். டிக்கியில் இரண்டு கேன் டீசல்.

ரோடு கான்ட்ராக்டர் அவர். அந்தச் சாலையில் பாதி அவர் போட்டது, மறுபாதி ஏகாம்பரம் போட்டது. மேடுபள்ளம் அளக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் பணம். வழவழப்பாக இருந்தால் கூடுதல் தொகை, குலுங்கினால் பிடித்தம். முதல் அளவையில் இவருக்குப் பிடித்தம். ஏகாம்பரம் ரோட்டில் டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தாது என்று இன்ஜினியர் இவரிடமே சொன்னார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தாட்சாயிணி அந்தப் பெயரை எடுத்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

போதாததற்கு, ஏகாம்பரத்துக்கு ரோலர் ஓட்டியவன் வேம்புலி. வெகுகாலம் இவரிடம் இருந்தவன். இவர் நாலு பேர் முன்னால் திட்டியதில் அங்கே போனான். ரோடு முடிந்த வாரமே மாரடைப்பில் செத்தும் போனான்.

விடிந்தால் கடைசி அளவை. டீசல் பட்டால் தார் இளகிவிடும். ஏகாம்பரத்தின் பாதியில் நின்று, கேன் மூடியைத் திருகினார்.

அப்போது... கடகடகட.

ரோலர் சத்தம். சூடான தார் வாசனை, கூடவே பீடி வாசனை. விளக்கில்லாமல் இருட்டில் மெல்ல ஊர்ந்து வந்தது. மேலே ஒருவன். தலையில் முண்டாசு. அந்த ஒரு பக்கம் சாய்ந்த உட்காரல்... வேம்புலியேதான்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயத்தை முந்திக்கொண்டு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது.

"செத்தும் அவனுக்கே ஓட்டிகினு கீறியா? நம்ம பக்கம் வாடா வேம்புலி."

ரோலர் நின்றது. தவளைகளும் அடங்கின. பிறகு மேலிருந்து, ரொம்ப நிதானமாக ஒரு குரல்.

"தொட்டுக் கூப்டு நைனா."

கேனை மூடிக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி அந்த இரும்பு உருளையில் வைத்தார். பனிக்கட்டி போலச் சில்லிட்டது. உருளை மெல்ல அசைந்து, அவருடைய பாதியைப் பார்க்கத் திரும்பியது...

காலையில் அளந்தார்கள். ஏகாம்பரத்தின் பாதியில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. இவர் பாதியில் முள் அசையவே இல்லை. கூடுதல் தொகை இவருக்கு. ஏகாம்பரத்தின் வீட்டுக்கு ஆள் விட்டு ஸ்வீட் கொடுத்தனுப்பினார். அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

அந்தப் பணத்தில் திருநின்றவூரில் மனை வாங்கினார். பத்திரப்பதிவின்போது கைரேகை மெஷின் அவர் விரலை எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். வேறு விரலை வைத்தார். எதையும் எடுக்கவில்லை. அங்கிருந்த பெண் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று விட்டுவிட்டாள்.

உள்ளங்கையில் ஒரு ரேகையும் இல்லை. வழவழவென்று இருந்தது. விரலை மடக்கினார்... ஒரு மடிப்புகூட விழவில்லை.