ஈஸ்ட் சாகாத சூடு

அவன்: இன்னொரு தரம் சொல்லு. உள்ள டாக்டரம்மா என்ன சொன்னாங்க?

அவள்: எத்தனை தரம்தான் சொல்றது? ரத்தம் எங்கயும் உறையல. ஸ்கேன்ல தெளிவா தெரிஞ்சுபோச்சு.

அவன்: அப்போ காலு...

அவள்: காலு என்கிட்டயேதான் இருக்கும். மூஞ்சி வெளுத்துப்போய் உக்காந்திருக்கிறதைப் பாரு!

அவன்: பயமா, எனக்கா? பெஞ்சு சில்லுனு இருக்கு, அவ்வளவுதான்.

அவள்: சரி சரி. நாள் பூரா நின்னுக்கிட்டே துணி தேய்க்கிறேன்ல... நரம்பு தொளதொளத்து முடிச்சு முடிச்சா புடைச்சுக்கிச்சாம். ஆனா இந்த வாரம் இப்படி வீங்கினதுக்குக் காரணம் வேற.

அவன்: என்னது?

அவள்: நீங்கதான்.

அவன்: அடிப்பாவி! பேக்கரியில வெந்து வந்து, உப்பைப் போட்டு, வெந்நீர் வெச்சு, உன் காலை...

அவள்: அந்த வெந்நீர்தான்! சூடு பட்டா நரம்பு இன்னும் விரிஞ்சு, ரத்தம் கீழயே தேங்கிடுமாம். வெதுவெதுன்னு பத்து நிமிஷம் போதுமாம். புண்ணு கிண்ணு இருந்தா அதுவும் கூடாதாம்.

அவன்: வெதுவெதுன்னுதானே வெச்சேன்! கையை விட்டுப் பார்த்துத்தானே...

அவள்: எந்தக் கை? அடுப்புலேர்ந்து தட்டை இழுத்து இழுத்துக் காய்ச்சுப்போன கை! அதுக்குக் கொதிக்கிற தண்ணியும் வெதுவெதுப்புதான்.

அவன்: அட, ஆமாம்ல!

அவள்: ஈஸ்ட் செத்துடும்னு மாவுத் தண்ணிக்கு மட்டும் சூடு பார்க்கிற குச்சி வெச்சிருக்கீங்க. பொண்டாட்டி காலுக்கு வெறுங்கையா?

அவன்: ஒரு குச்சி வாங்கிடறேன், தாயே. ஈஸ்ட் பொழைக்கிற சூடுதான் இனிமே... அது சரி, சுடுதுன்னு நீ ஏன் வாயைத் திறக்கல?

அவள்: ம்... சொன்னா எழுந்து போயிடுவீங்களே. எதிர்ல முக்காலி போட்டு உக்காந்து, முதலாளியைத் திட்டிக்கிட்டு... அந்தக் கால் மணி நேரந்தான் எனக்குன்னு இருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

அவன்: பைத்தியம்...

அவள்: போதும், வாங்க வீட்டுக்கு. ஏன் எழுந்திரிக்க மாட்டேங்கறீங்க?

அவன்: போய் டாக்டரம்மாவைப் பார்க்க இன்னொரு சீட்டு வாங்கிட்டு வா.

அவள்: யாருக்கு?

அவன்: எனக்குத்தான்டி. அடுப்படியில நின்னு நின்னு எனக்கும் முடிச்சு முடிச்சா புடைச்சிருக்கு. வெட்டிக் கிட்டிப் போடுவாங்களோன்னு இத்தனை நாளா வாயைத் திறக்கல... நீ காலை எடுத்ததும் தண்ணியைக் கொட்டப் போறேன்னு பின்பக்கம் போவேன்ல? உடனே கொட்டினதில்ல. என் காலையும் அதுலயே விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.