ஆற்றுப்பக்கக் கதவு

1911 ஐப்பசி எட்டாம் தேதி பாபநாசம் சத்திரத்தில் இருந்தவர்கள்: புது மாப்பிள்ளை, மணப்பெண் கோமதி, மாப்பிள்ளையின் பெரியப்பா தாணுமாலையன், சொந்தக்காரர்கள் ஒன்பது பேர், சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியப்பனாகிய நான். கல்யாணம் முந்தின நாள் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் ஆற்று நடுப்பாறையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். புளியோதரையில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள்.

ஏட்டையா, மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். முதலில் சருகு மிதந்து வரும், பிறகு நுரை. சருகைக் கண்டதும் ஆற்றுப்பக்கக் கதவோரம் தொங்கும் மணியை அடிப்பது என் வேலை. அன்று வரை பதினெட்டு வருஷத்தில் வெள்ளத்துக்கு ஓர் உயிர்கூடப் போனதில்லை.

போன வருஷம் தாணுமாலையன் மகனுக்கு இங்கேதான் கல்யாணம். என் மனைவி சுடலைவடிவு காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"ஏலே, இவ இருமுத எடத்துலயா எம்மவன் தாலி கட்டணும்? வெளிய போடுலே."

சத்திரம் அவர் பாட்டனார் கட்டியது. மறுத்தால் வேலை போய்விடும். அவள் படித்துறைக்கு அனுப்பப்பட்டாள். கதவு பூட்டப்பட்டது. மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் தட்டினாள். மேளச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. பந்தி முடிந்து திறந்தபோது விறைத்துக் கிடந்தாள்.

இந்த வருஷம் அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இந்தத் தடவ இருமல் சத்தமே இல்லயேலே, நிம்மதியா இருக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். அவர்கள் பாறைக்குப் போன பிறகு சருகு வந்தது. மணிக்கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். வெள்ளத்தை நான் வரவழைக்கவில்லை. படித்துறையின் இரண்டு பக்கமும் உயரமான சுவர். மேலே வர அந்தக் கதவு ஒன்றுதான் வழி.

கோமதி எண்ணெய்க் கிண்ணத்தோடு கடைசியாக வந்தாள். அவள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வருதே அண்ணாச்சி, வெள்ளம் வந்துருமோ?"

"வராது தாயி. பைய எறங்குங்க, படி வழுக்கும்."

போன வருஷம் கதவைப் பூட்டியது யார் என்று கேட்டீர்கள். சொன்னவர் தாணுமாலையன். சாவி ஒன்றுதான், அது என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. கோமதி மூன்றாவது படியில் கால் வைத்ததும், அதே சாவியால் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.